அனுப்பக் கற்ற பெட்டிக்கு நிறுத்தக் கற்றுக்கொடுத்த கதை

அமெச்சூர் ரேடியோவில் மோர்ஸ் அனுப்பும்போது என் வலக்கைக் கட்டைவிரல் டிட் என்ற குட்டை ஒலியைப் போடும், ஆள்காட்டி விரல் டா என்ற நெட்டை ஒலியைப் போடும். இரு விரலால் தட்டும் மோர்ஸ் விசையான பேடிலைப் பிடித்த நாள் முதல் இந்த வேலைப் பங்கீட்டில் தகராறு வந்ததில்லை. பிறகு கட்டைவிரலின் அடிமூட்டு வலிக்கத் தொடங்கியது. வலியைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் வலிக்குப் பயந்து விரல் முன்கூட்டியே விலகியது, அல்லது விலக மறந்து ஒரு கணம் கூடுதலாகத் தங்கியது. நான்கு டிட் விழ வேண்டிய ‘எச்’ மூன்றோடு நின்றால் ‘எஸ்’; ஐந்தானால் எண் 5. காற்றில் என் பெயராக இருக்கும் கால்சைனில் ஒரு எச் இருக்கிறது. தன் பெயரையே மூன்று விதமாகச் சொல்லும் ஆளோடு எவ்வளவு நேரம்தான் பேசுவார்கள்?

கணினியில் மென்பொருள் போட்டு மோர்ஸ் அனுப்பலாம் என்பது தெரியும். ரேடியோ மேசையில் கணினி வேண்டாம் என்பது என் பிடிவாதம். அதன் அடாப்டர் ரிசீவரில் இரைச்சலைக் கொட்டும். தவிர, எதிரே பெரிய திரை இருந்தால் காது சோம்பிவிடும். ஒரு விசைப்பலகை, ஒரு சிறு பெட்டி, ரிக் என்ற ரேடியோ கருவியின் கீ துளைக்கு ஒரு வயர். கீ மூடினால் அலை போகும், திறந்தால் நிற்கும். தட்டினால் மோர்ஸ் போக வேண்டும், அவ்வளவுதான். இப்படித்தான் ஆரம்பித்தேன். போக வைக்க இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின. போவதை நிறுத்த வைக்க ஏறக்குறைய மூன்று மாதம்.

தமிழில் இதை எழுதுவதில் ஒரு சங்கடம் உண்டு. மோர்ஸ் கோடு என்பதும் கோடு, புள்ளிக்குப் பக்கத்தில் இருப்பதும் கோடு. ஆகவே காதில் விழுகிறபடி டிட், டா என்றே எழுதுகிறேன். டிட் ஒரு மாத்திரை என்று வைத்துக்கொண்டால் டா மூன்று மாத்திரை. ஓர் எழுத்துக்குள்ளே டிட்டுக்கும் டாவுக்கும் நடுவில் ஒரு மாத்திரை மௌனம், எழுத்துகளுக்கு நடுவில் மூன்று, சொற்களுக்கு நடுவில் ஏழு. நம் இலக்கணத்தில் நெடிலுக்கு இரண்டு மாத்திரைதான். மூன்று வேண்டுமானால் அளபெடுக்க வேண்டும். முறையாகச் சொன்னால் அது டா இல்லை, டாஅ.

வேகத்தைப் ‘பாரிஸ்’ என்ற சொல்லால் அளக்கிறார்கள். அந்த ஐந்து ஆங்கில எழுத்துகளும் பின்னால் வரும் சொல் இடைவெளியும் சேர்ந்து சரியாக 50 மாத்திரை. நிமிடத்துக்கு எத்தனை பாரிஸ் போகிறதோ அதுவே வேகம். 1200-ஐ அந்த வேகத்தால் வகுத்தால் ஒரு டிட்டின் நீளம் மில்லி வினாடியில் கிடைத்துவிடும். 20 சொல் வேகத்தில் 60, 25 சொல் வேகத்தில் 48. இந்த 48 பின்னால் என்னைப் படுத்தப்போகிறது.

மூளைக்கு ஆர்டுயினோ நேனோ என்ற சிறு மைக்ரோகன்ட்ரோலர் பலகை. விசைப்பலகைக்குப் பழைய பிஎஸ்/2 வகை. யூஎஸ்பி விசைப்பலகை என்றால் அதைக் கேட்டு வாங்க ஒரு ஹோஸ்ட் வேண்டும், நேனோவால் அது நேரடியாக ஆகாது. பிஎஸ்/2 எளிமையானது: கிளாக் ஒரு வயர், டேட்டா ஒரு வயர், கூட 5 வோல்ட்டும் கிரவுண்டும். ஒரு விசையை அழுத்தினால் 11 பிட்டுகள் வரிசையாக வரும். தொடக்கப் பிட் ஒன்று, தகவல் எட்டு, பிழையைக் காட்டிக்கொடுக்கும் பேரிட்டி ஒன்று, முடிவுப் பிட் ஒன்று. கிளாக் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் டேட்டா வயரைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். கிளாக்கை நேனோவின் 2ஆம் காலில், நடக்கும் வேலையை இடைமறித்து உடனே கவனிக்க வைக்கும் இன்டரப்டாகக் கொடுத்தேன்.

முதல் மாலையிலேயே எழுத்து வந்தது, இரண்டிரண்டாக. யாராவது பதில் சொல்லுங்கள் என்று அழைக்கும் சிக்யூவைத் தட்டினால் ‘சிசிக்யூக்யூ’. விசையை விடும்போதும் பிஎஸ்/2 பேசும் என்பதை நான் படித்திருந்தேன், மறந்திருந்தேன். விடும்போது முதலில் ‘எஃப்0’ என்ற குறியீடு வரும், அதன் பின்னாலேயே அழுத்தியபோது வந்த அதே குறியீடு மறுபடி வரும். எஃப்0-ஐக் கண்டால் அடுத்ததைத் தூக்கிப் போடு என்று ஒரு வரி சேர்த்ததும் சரியாயிற்று. கூடவே இன்னொன்று: விசையை அழுத்திப் பிடித்திருந்தால் அரை வினாடி கழித்து அது தானாகவே திரும்பத் திரும்ப வரத் தொடங்கும். கணினியில் இது வசதி. இங்கே, யோசித்தபடி ‘இ’ (E) மேல் விரலை வைத்திருந்தால் உலகத்துக்கே டிட் டிட் டிட் என்று போய்க்கொண்டிருக்கும். ஒரு விசை விடப்பட்ட குறியீடு வரும்வரை அதே விசையை மறுபடி ஏற்காதே என்று எழுதினேன். பின்னழிப்பு விசைக்கு மட்டும் விலக்கு.

எழுத்துகளைச் சேமிக்கும் முறை எனக்குப் பிடித்த இடம், கொஞ்சம் நின்று சொல்கிறேன். எழுத்துக்கு எழுத்து நீளம் மாறும் என்பதால் டிட், டா வரிசையோடு எண்ணிக்கையையும் தனியே வைக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். வேண்டியதில்லை. முன்னால் ஒரு காவல் 1 போடுங்கள். அதன் பின் டிட்டுக்கு 0, டாவுக்கு 1. ‘இ’ என்பது 10, அதாவது எண்ணிக்கையில் 2. ‘டி’ (T) 11, அதாவது 3. ‘ஏ’ 101, அதாவது 5. சிக்யூ அழைப்பு முழுவதும் 26, 29 என்ற இரண்டு எண்களில் அடங்கிவிடும். இடப்பக்கத்திலிருந்து முதல் 1-ஐத் தேடி, அதற்குப் பின்னால் இருப்பதை அனுப்பினால் போதும். எழுத்து, எண், நிறுத்தற்குறி எல்லாம் ஒவ்வொரு பைட்டில் உட்கார்ந்துவிட்டன. 2004இல் மோர்ஸுக்குள் வந்த மின்னஞ்சல் ‘அட்’ குறிகூட ஆறே உறுப்புதான். அடங்காமல் போனது ஒன்றே ஒன்று: ‘தவறாக அனுப்பிவிட்டேன்’ என்று சொல்லும் எட்டு டிட். காவல் 1-ஐச் சேர்த்தால் ஒன்பது பிட் ஆகிவிடுகிறது. தவறை ஒப்புக்கொள்ளத்தான் இடம் போதவில்லை. இரண்டு ‘எச்’களை இடைவெளி இல்லாமல் ஒட்டி அனுப்பிச் சமாளித்தேன். கட்டைவிரல் கைவிட்ட அதே எச்.

ஒட்டி அனுப்பும் வழி எப்படியும் தேவைதான். செய்தி முடிந்தது என்பதற்கான ‘ஏஆர்’, உரையாடல் முடிந்தது என்பதற்கான ‘எஸ்கே’ எல்லாம் நடுவே எழுத்து இடைவெளி இல்லாமல் ஒரே மூச்சில் போக வேண்டியவை. இவற்றில் பாதி விசைப்பலகையிலேயே தயாராக இருக்கின்றன: கூட்டல் குறியின் மோர்ஸ்தான் ஏஆர், சமக்குறியின் மோர்ஸ்தான் பத்தி பிரிக்கும் ‘பிடி’. எஸ்கேவுக்கு மட்டும் ஒரு தனி விசை ஒதுக்கினேன்.

சொல் இடைவெளியில் நான் செய்த தவறைப் பலரும் செய்வார்கள் என்று நினைக்கிறேன். ஒவ்வோர் எழுத்துக்குப் பின்னும் மூன்று மாத்திரை ஏற்கெனவே போய்விடுகிறது. ஆகவே இடைவெளி விசைக்குக் கூட்ட வேண்டியது நான்குதான். நான் ஏழைக் கூட்டினேன், பத்தாகிவிட்டது. அளந்து பார்த்திருந்தால் உடனே பிடித்திருப்பேன். காதால் கேட்டபோது, யாரோ ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கிப் பேசுவதுபோல் இருந்ததே ஒழிய, என்ன பிழை என்று புரியவில்லை.

திரையையும் அப்போதே மாட்டினேன், இரண்டு வரி, வரிக்கு 16 எழுத்து. அன்று முதல் டிட்டுகள் சில நேரம் டாவை நோக்கி நீண்டன. எல்லா டிட்டும் அல்ல, எப்போதாவது ஒன்று. ‘ஐ’ என்ற இரண்டு டிட், ‘ஏ’வோ ‘என்’னோ என்று சந்தேகப்படும்படி ஒலித்தது. வேகத்தைக் குறைத்தால் தெரியவில்லை, 25-இல் தெளிவாகத் தெரிந்தது. கடைசியில் திரையைக் கழற்றிவிட்டுக் கேட்டேன், சரியாக இருந்தது. ஐ2சி என்ற இரு வயர் இணைப்பு வழியாக ஓர் எழுத்தைத் திரையில் எழுத ஒரு மில்லி வினாடிக்குச் சற்று மேலே ஆகிறது. நான் ஒவ்வொரு விசைக்கும் 32 எழுத்தையும் திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன். 40 மில்லி வினாடியைத் தாண்டும். டிட்டின் நீளமே 48. நான் அடுத்த எழுத்தைத் தட்டும் கணத்தில் ஒரு டிட் போய்க்கொண்டிருந்தால், திரை எழுதி முடியும்வரை கீ திறக்காது. இப்போது திரைக்கு ஒரு சுற்றுக்கு ஓர் எழுத்து மட்டும், அதுவும் மௌன மாத்திரைகளில்தான்.

இந்தப் பிழைக்குப் பிறகு நிரலில் இருந்த, காத்து நிற்க வைக்கும் ‘டிலே’ கட்டளைகளை எல்லாம் எடுத்துவிட்டேன். வாங்கிப் போடுவதற்கு ஒரு கை, எடுத்து அனுப்புவதற்கு இன்னொரு கை என்று பிரித்தாக வேண்டும். இன்டரப்ட் வாங்கி 128 இடமுள்ள வட்ட வரிசையில் போடும். நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் முதன்மைச் சுற்று கடிகாரத்தைப் பார்த்து, நேரம் வந்தால் எடுத்து அனுப்பும், வராவிட்டால் சும்மா கடந்து போகும். யாரும் யாருக்காகவும் காத்து நிற்பதில்லை.

கீயை இணைக்கும் இடத்தில்தான் நிறுத்துவதன் பாடு தொடங்கியது. நேனோவின் 13ஆம் காலில் ஏற்கெனவே ஒரு சிறு விளக்கு இருக்கிறது. அதையே கீ வெளியீடாக வைத்தால் விளக்கும் கூடவே மின்னும், அழகு என்று நினைத்தேன். ரிக்கை டம்மி லோடில், அதாவது அலையை வெளியே விடாத போலி ஆண்டெனாவில், மாட்டியிருந்தது என் அதிர்ஷ்டம். பெட்டிக்கு மின்சாரம் கொடுத்த ஒவ்வொரு முறையும் பவர் மீட்டரின் முள் துள்ளியது. நான் ஒரு விசையையும் தொடவில்லை. நேனோ விழித்தெழும்போது அதன் தொடக்க நிரலான பூட்லோடர் 13ஆம் கால் விளக்கைச் சில முறை மினுக்கிப் பார்க்கும். என் ரிக்கும் கூடச் சேர்ந்து மினுக்கியிருக்கிறது. கீயை 9ஆம் காலுக்கு மாற்றினேன். விழிக்கும்போது அந்தக் கால் உள்ளீடாகவே இருக்கும், ஒன்றையும் இயக்காது.

அங்கிருந்து 330 ஓம் வழியாக, ஒளியால் மட்டும் சைகை கடத்தும் ஓர் ஆப்டோகப்ளர். பெட்டியின் கிரவுண்டும் ரிக்கின் கிரவுண்டும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க இதைவிட எளிய வழி இல்லை. அதற்கு முன் ஒரே ஒரு டிரான்சிஸ்டரை வைத்திருந்தேன், இன்றைய ரிக்குகளுக்கு அதுவே போதும். நண்பர் ஒருவர் தன் வால்வு டிரான்ஸ்மிட்டரில் மாட்டிப் பார்க்கலாம் என்றார். வால்வு காலத்துக் கருவிகளில் கீ துளையில் என்ன இருக்கும் என்பதை அளக்காமல் சொல்ல முடியாது. சிலவற்றில் பத்துக் கணக்கில், சிலவற்றில் நூற்றைத் தாண்டியும் வோல்ட் இருக்கும். வால்வின் கிரிட்டை அடைத்துக் கீ செய்யும் வகையில் அது எதிர்மின்னழுத்தமாக இருக்கும். நான் அளக்கவில்லை. டிரான்சிஸ்டர் செத்தது. செத்த டிரான்சிஸ்டர் பெரும்பாலும் திறந்து போகாது, உள்ளுக்குள் ஷார்ட் ஆகிப் போகும். அதாவது கீயை அழுத்திப் பிடித்தபடி சாகும். நண்பர் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். பிறகு அவருக்கு, காந்தத்தால் மூடும் சுவிட்சான ரீட் ரிலே வைத்த தனிப்பெட்டி ஒன்று செய்து கொடுத்தேன். ரிலேவுக்கு மின்னழுத்தம் எந்தப் பக்கம் என்ற கவலை இல்லை. மன்னிப்பும் கேட்டேன், அது தனி.

இதற்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. 10 வாட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்ததும், 7 மெகாஹெர்ட்ஸில் 100 வாட் ஏற்றி ஆண்டெனாவை மாட்டினேன். முதல் டா முடியவே இல்லை. எஸ்கேப், இடைவெளி, எதைத் தட்டியும் பலன் இல்லை. பெட்டியின் மின்சாரத்தைப் பிடுங்கினேன், நின்றது. மறுபடி கொடுத்தேன், முதல் எழுத்திலேயே மறுபடி அதே கதை.

புரிந்துகொள்ள ஒரு வாரம் ஆயிற்று. விசைப்பலகையின் ஒன்றரை மீட்டர் வயர் நல்ல ஆண்டெனா. டிரான்ஸ்மிட்டர் ஒலிக்கும்போது கிளாக் வயரில் ரேடியோ அலை ஏறுகிறது. நேனோ அதைக் கிளாக் என்று நம்பி இன்டரப்டுக்கு ஓடுகிறது. முடித்துத் திரும்பும் முன் அடுத்தது. முதன்மைச் சுற்றுக்கு முறையே வருவதில்லை. கீயைத் திறக்க வேண்டியதோ அந்த முதன்மைச் சுற்று. கீ திறக்காததால் அலை நிற்பதில்லை, அலை நிற்காததால் கீ திறப்பதில்லை. பெட்டி தன் கழுத்தைத் தானே பிடித்துக்கொண்டிருந்தது.

அலை ஏறாமல் தடுப்பது ஒரு வேலை, ஏறினாலும் கீ திறக்கும்படி செய்வது வேறு வேலை. இரண்டையும் செய்ய வேண்டும். முதலாவதற்கு விசைப்பலகை வயரை ஃபெரைட் வளையத்தில் ஆறு சுற்றுச் சுற்றினேன், பெட்டியைத் தகரத்துக்கு மாற்றினேன், கிளாக்குக்கும் டேட்டாவுக்கும் கிரவுண்டுக்கு ஒவ்வொரு கெப்பாசிட்டர் வைத்தேன். கையில் கிடைத்தது 10 நேனோஃபாரட். அலையும் நின்றது, விசைப்பலகையும் நின்றது. 4.7 கிலோ ஓம் மேலிழு மின்தடையோடு அது சேரும்போது நேர மாறிலி 47 மைக்ரோ வினாடி. பிஎஸ்/2 கிளாக்கின் ஒரு பாதியே 30 முதல் 50 மைக்ரோ வினாடிதான். கிளாக் மேலே ஏறி வருவதற்குள் மறுபடி இறங்க வேண்டிய நேரம் வந்துவிடும். 470 பிகோஃபாரட் போட்டதும் விசைப்பலகைக்கு உயிர் வந்தது. இது தவிர, பேரிட்டி பொருந்தாத எழுத்தைத் தள்ளிவிடவும், 11 பிட் நிறையாமல் பாதியில் நின்றதைச் சில மில்லி வினாடிகளில் மறந்துவிடவும் நிரலில் சேர்த்தேன்.

இரண்டாவதற்கு வாட்ச்டாக். கீ ஒரு வினாடிக்கு மேல் மூடியிருந்தால் திற என்று நிரலில் எழுதுவதால் மட்டும் பயன் இல்லை. அந்த வரியும் முறை கிடைக்காத அதே சுற்றில்தானே இருக்கிறது. வாட்ச்டாக் சில்லுக்குள்ளேயே தனி ஆசிலேட்டரில் ஓடுவது. முதன்மைச் சுற்று கால் வினாடிக்குள் அதைத் தட்டிக் கொடுக்காவிட்டால் சில்லையே மறுபடி தொடங்க வைக்கும். தொடங்கினால் 9ஆம் கால் கைவிடும், கீ திறக்கும். சில பழைய நேனோக்களின் பூட்லோடர் வாட்ச்டாக் மறுதொடக்கத்தில் சிக்கி, திரும்பத் திரும்பத் தொடங்கிக்கொண்டே இருக்கும். என்னுடையதும் அப்படித்தான், பூட்லோடரை மாற்ற வேண்டியிருந்தது. இத்தனைக்கும் மேல் கீ வயரைத் துண்டிக்கும் சாதாரணச் சுவிட்ச் ஒன்று. எந்த நிரலையும் நம்பாத சுவிட்ச். இந்தப் பெட்டியை யாராவது செய்வதானால் முதலில் மாட்ட வேண்டியது அதைத்தான் என்பேன். நான் கடைசியில் மாட்டினேன்.

பிறகு காற்றில் போனேன். உரிமத்துக்கு மோர்ஸ் தேர்வு கட்டாயம் என்ற சர்வதேச விதி 2003ஆம் ஆண்டு உலக ரேடியோ மாநாட்டோடு விலகியது. இன்று மோர்ஸில் வருபவர்கள் பெரும்பாலும் ஆசைப்பட்டு வருபவர்கள், அதில் புதிதாகக் கற்பவர்களும் நிறைய. என் முதல் அழைப்புக்குப் பதில் சொன்னவர் அப்படி ஒருவர், 13 சொல் வேகம் இருக்கும். நான் 25-இல் வைத்திருந்தேன். தட்டச்சு எனக்கு அதைவிட வேகம். அவர் சமிக்ஞை அறிக்கை, என் பெயர், ஆண்டெனா, வானிலை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தட்டி வரிசையில் நிரப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். என் எச் ஒவ்வொன்றும் நான்கே டிட். அழகான அனுப்புதல். அந்த அழகின் நடுவே, டிட்டுகளின் இடைவெளியில், அவர் குறுக்கிட்டு அனுப்புவது கேட்டது: கியூஆர்எஸ். மெதுவாக அனுப்புங்கள் என்று அர்த்தம். அனுப்பும்போதே டிட்டுகளின் நடுவில் கேட்க விடும் முழு பிரேக்-இன் என் ரிக்கில் இருப்பதால் கேட்க முடிந்தது. ஆனால் வரிசையில் இன்னும் 70 எழுத்து இருந்தது, நிறுத்த என்னிடம் விசை இல்லை. காதில் அவர் கெஞ்சிக்கொண்டிருக்க, என் பெட்டி வானிலையைச் சொல்லி முடித்தது. அதன் பின் அந்தப் பக்கம் மௌனம்தான்.

பேடிலில் இப்படி நடக்காது. கேட்ட நொடியில் விரல் நின்றுவிடும். விரலுக்கும் காற்றுக்கும் நடுவே ஒரு வரிசையை வைத்த நான், அதைக் காலி செய்யும் வழியை வைக்கவில்லை. அன்றிரவே எஸ்கேப் விசையை எழுதினேன்: அழுத்தினால் போய்க்கொண்டிருக்கும் உறுப்பைக்கூட முடிக்காமல் கீயைத் திறந்து வரிசையை அழிக்கும். பேடிலையும் பெட்டியிலேயே மாட்டி, அதைத் தொட்டாலும் அதுவே நடக்கும்படி செய்தேன். பதற்றத்தில் எஸ்கேப்பைத் தேடுவதைவிடப் பேடிலுக்குக் கை தானாகப் போகிறது. வரிசையையும் 128-லிருந்து 40 ஆக்கினேன். அம்புக்குறி விசைகளால் அனுப்பும்போதே வேகத்தை மாற்றலாம். யாருக்குப் பதில் சொன்னாலும் முதலில் அவர் வேகத்துக்கு இறங்குகிறேன்.

இறங்கியதும் எதிர்ப்பிரச்சினை தலைகாட்டும் என்று எண்ணினேன், அது உயர்ந்த வேகத்தில்தான் வந்தது. யோசித்து யோசித்துத் தட்டினால் வரிசை காலியாகி, சொல்லின் நடுவிலேயே இடைவெளி விழுகிறது. கேட்பவருக்கு ஒரு சொல் இரண்டாக உடைந்து கேட்கும். அதற்குச் சொல் முறை ஒன்று வைத்தேன்: இடைவெளி விசை விழும்வரை எழுத்துகள் திரையில் மட்டும் சேரும், விழுந்ததும் சொல் முழுதாகப் போகும். அனுப்பும் முன் எழுத்துப்பிழையைப் பின்னழிக்கவும் முடிகிறது. நான் இப்போது பெரும்பாலும் இதில்தான் இருக்கிறேன்.

மிச்சம் ஒன்று இருக்கிறது. 28 மெகாஹெர்ட்ஸில் பேசும்போது எப்போதாவது, நான் தட்டாத எழுத்து ஒன்று நடுவில் விழுகிறது. அந்த அலையின் கால் நீளம் இரண்டரை மீட்டருக்குச் சற்று மேல். விசைப்பலகை வயரும் கீ வயரும் சேர்ந்தால் ஏறத்தாழ அதே நீளம். பேரிட்டி ஒற்றைப் பிட் கெட்டால் பிடிக்கும், இரண்டு கெட்டால் கண்டுகொள்ளாது. கீ வயருக்கும் ஒரு ஃபெரைட் வளையம் போட்டுப் பார்த்தேன், குறைந்தது, நிற்கவில்லை. அடுத்து வயரையே குட்டையாக்கிப் பார்க்க வேண்டும். அதுவரை அந்த பேண்டில் பெட்டியை அணைத்துவிட்டுப் பேடிலை நேராக ரிக்கில் மாட்டுகிறேன். அங்கே என் எச் இன்னும் சில நாட்களில் ஐந்தாகத்தான் போகிறது.